பெரிய காய்க்குக் காரம் இல்லையா? எல்ல மலைச்சரிவில் கடுங்கார மிளகாய்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

எல்லவிலிருந்து தெமோதரை, பண்டாரவளை, ஹாலிஎல வரை நீளும் தேயிலைத் தோட்டங்களில், லயன் வீடுகளை ஒட்டிய காய்கறிப் பாத்திகளில் மிளகாய்ச் செடி இல்லாத இடம் அரிது. உலகச் சாதனைப் பட்டியல்களில் பேசப்படும் பெருங்காய், கடுங்கார வகைகளை வளர்க்க விரும்புவோருக்கு அத்தகைய பாத்தியே போதுமானது. ஆயினும் எந்த வகையைத் தேர்வது என்ற கேள்வி எழும்போது, காயின் அளவையும் நிறத்தையும் விதைப் பொட்டலத்தில் அச்சிட்ட எண்ணையும் நம்பி எடுக்கப்படும் முடிவு, ஒரு முழுப் பருவத்தின் உழைப்பை வீணாக்கிவிடக்கூடும்.

காய் சிறுத்தால் காரம் மிகும், பருத்தால் குறையும் என்பது இவற்றுள் மிகப் பழைய நம்பிக்கை. இது வெறுங்கற்பனை அன்று. விரல் நுனியளவு கொச்சி மிளகாய் நாக்கைச் சுட்டெரிப்பதையும், கையளவு நீளும் கறிமிளகாய் குழம்பில் காரமின்றிக் கரைவதையும் தலைமுறைகளாகக் கண்ட அடுக்களை அனுபவம் அதன் பின்னால் இருக்கிறது. கப்சைசின் எனப்படும் காரப்பொருளும் அதன் இனச் சேர்வைகளும் சாதாரண மிளகாயில் சூல்வித்தகத்தில், அதாவது விதைகளைத் தாங்கி நிற்கும் வெளிர்ந்த நடுத்திசுவில் மட்டுமே, நுண்ணிய பைகளில் சுரக்கின்றன. எனவே சதைச்சுவர் தடித்துக் காய் பெருக்கும்போது, சுரக்கும் இடத்தின் பங்கு குறைந்து, காரம் நீர்த்துப்போவது இயல்பே. ஆனால் இந்த விதி எல்லா இனங்களுக்கும் பொருந்துவதில்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மிளகாய் ஆய்வாளர் பால் பொஸ்லண்டும் உடன் ஆய்வாளர்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வு, கடுங்கார வகைகளில் இந்தச் சுரப்புப் பைகள் சூல்வித்தகத்தோடு நில்லாமல் காயின் உட்சுவரெங்கும் பரவியிருப்பதைக் காட்டியது. சுவரே சுரப்பிடமாகிவிடும்போது காய் பருப்பதனால் காரம் நீர்த்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. வடகிழக்கு இந்தியாவின் பூத் ஜோலோக்கியா ஆறு முதல் எட்டு சென்ரிமீற்றர் வரை நீண்டு பருத்தும் உலகின் கடுங்கார மிளகாய்களுள் ஒன்றாக நிற்பதன் காரணம் இதுவே.

ஆகவே அளவைக் காட்டிலும் கவனிக்க வேண்டியது காயின் குலம். கறிமிளகாயும் செத்தல் மிளகாயும் கப்சிகம் அன்னுவம் என்ற இனத்தைச் சேர்ந்தவை. உலகின் கடுங்கார வகைகள் பெரும்பாலும் கப்சிகம் சைனென்சே என்ற இனத்தையோ அதன் கலப்பையோ சேர்ந்தவை. (சீனத்திலிருந்து வந்ததென்று தவறாக எண்ணி 1776இல் ஜக்குவின் என்ற தாவரவியலாளர் இட்ட பெயர் அது, எல்லா மிளகாய் இனங்களையும் போலவே இதன் தாயகமும் அமெரிக்கக் கண்டமே.) இலங்கையில் நைமிரிஸ் என்று வழங்கும், சுருங்கிய தோலும் வெளிர்பச்சை நிறமும் தனி மணமும் கொண்ட மிளகாய் இந்தச் சைனென்சே குலத்தது. கடுங்காரத்தைத் தேடி வெளிநாட்டுப் பொட்டலங்களைப் புரட்டுவோர், தம் வேலியோரத்தில் நிற்கும் இந்தச் செடியை முதலில் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சிவந்த காயே உறைக்கும் என்ற எண்ணத்துக்கும் விதையே காரம் என்ற எண்ணத்துக்கும் நீண்ட மறுப்புத் தேவையில்லை. சிவப்பைத் தருவது கரோட்டினொயிட்டு என்ற நிறப்பொருள். அதற்கும் கப்சைசினுக்கும் தொடர்பில்லை. கர்நாடகத்தின் பியாடகி மிளகாய் ஆழ்ந்த சிவப்புக்குப் பேர்பெற்றும் காரத்தில் மென்மையானது. நைமிரிஸோ பச்சையாக இருக்கும்போதே வாயை எரிக்கிறது. விதையில் காரம் சுரப்பதில்லை, ஒட்டியிருக்கும் சூல்வித்தகத்திலிருந்தே அதன் மேல் படிகிறது.

எண்களின் மீதுள்ள நம்பிக்கை இவற்றைவிட வலியது. டெட்ரொயிட் நகரின் பார்க்-டேவிஸ் மருந்து நிறுவனத்தில் பணியாற்றிய வில்பர் ஸ்கோவில் 1912இல் வகுத்த முறையில், மிளகாய்ச் சாற்றை எரிவு தெரியாமல் போகும்வரை சர்க்கரை நீரில் எத்தனை மடங்கு கரைக்க வேண்டியிருந்ததோ அந்த எண்ணே காரத்தின் அளவாயிற்று. இன்று சேர்வைகளின் அளவைக் கருவிகளால் நேரடியாகக் கணித்து, அதை ஸ்கோவில் அலகாக மாற்றுகின்றனர். தூய கப்சைசினின் அளவு 1 கோடியே 60 இலட்சம். பூத் ஜோலோக்கியா 2007இல் 10 இலட்சத்தைத் தாண்டிக் கின்னஸ் பட்டியலில் இடம்பெற்றது. கரோலினா ரீப்பர் 2013இல் 15 இலட்சத்து 69 ஆயிரத்தையும், பெப்பர் எக்ஸ் 2023இல் 26 இலட்சத்து 93 ஆயிரத்தையும் எட்டின. இவ்வெண்கள் உலர்ந்த எடைக்குக் கணிக்கப்பட்டவை என்பதைப் பொட்டலங்கள் சொல்வதில்லை. பசுங்காயின் எடையில் பெரும்பகுதி நீராதலால், தட்டில் வைக்கும் காயின் உறைப்பை அவை அப்படியே உணர்த்தமாட்டா.

விதையோடு காரமும் குறையாமல் வந்துவிடும் என்று எண்ணுவது இதைவிடப் பெரிய பிழை. அஸ்ஸாமின் தேஸ்பூரிலுள்ள பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தினர், பூத் ஜோலோக்கியாவின் மற்றொரு பெயரான நாகா ஜோலோக்கியாவில் 8 இலட்சத்து 55 ஆயிரம் அலகு இருப்பதாக 2000ஆம் ஆண்டில் அறிவித்தனர். அதே வடகிழக்கு விதை வறண்ட குவாலியரில் பயிரிடப்பட்டபோது காரம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததை 2005இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது. மண்ணும் ஈரமும் வெப்பமும் மாறும்போது காரமும் மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இங்கே, எல்ல அடங்கிய ஊவா மாகாணத்துக்கே உரிய ஒரு நம்பிக்கையும் குறுக்கிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஆடி, ஆவணி மாதங்களில் வறண்ட காற்றாக இப்பக்கம் இறங்கும்போது தேயிலையில் ஊவாவின் புகழ்பெற்ற வாசம் ஏறுகிறது. அதுபோலவே மிளகாயையும் வாடவிட்டால் காரம் ஏறும் என்று சிலர் தண்ணீரை நிறுத்திவிடுகின்றனர். தாய்லாந்தின் கோன் கேன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட முடிவுகளோ, நீர்த் தட்டுப்பாட்டில் காரம் கூடியது காரம் குறைந்த வகைகளிலேதான் என்றும், இயல்பிலேயே கடுங்காரமானவற்றில் அத்தகைய உயர்வு இல்லை என்றும் காட்டுகின்றன. நைமிரிஸ் செடியை வாடவிடுபவர் காரத்தையும் பெறுவதில்லை, பூவையும் பிஞ்சையும் இழக்கிறார். காற்றைத் தடுக்கும் வேலியும் அடிமண்ணில் மூடாக்கும், அதாவது ஈரம் காக்கப் பரப்பும் சருகும் வைக்கோலும், அம்மாதங்களில் அவசியம்.

எல்ல ஏறக்குறைய 1,000 மீற்றர் உயரத்திலும், பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேலும், எல்லவிலிருந்து இறங்கும் வீதி முடியும் வெல்லவாய 200 மீற்றர் அளவிலும் அமைந்திருப்பதால், வெல்லவாயவில் எளிதாகக் காய்த்த வகை பண்டாரவளையிலும் அவ்வாறே காய்க்கும் என்று கொள்ள முடியாது. சைனென்சே வகைகள் முளைக்கவே இரண்டு முதல் நான்கு வாரம் வரை எடுப்பவை. இரவு வெப்பம் 15 பாகைக்குக் கீழே இறங்கினால் பூ உதிர்பவை. காய் பெரிதாகப் பெரிதாக முற்றுவதற்கும் நாள் கூடும். ஆதலால் உயரமான தோட்டங்களில் மிகப் பெரிய காயை விட நடுத்தரக் காயே நம்பத்தக்கது. தை மாதத்தில் நாற்றிட்டு, பங்குனி, சித்திரை இடைப்பருவ மழையோடு நடுவது, ஐப்பசியில் தொடங்கும் அடைமழைக்கு முன் முதல் அறுவடைகளை எடுத்துவிட உதவும். அடைமழையில், மடிப்புகள் நிறைந்த பெருங்காய் நீரைத் தேக்கி எளிதில் அழுகும்.

தேயிலை விளைந்த மண் எதையும் விளைவிக்கும் என்பதும் திருத்தப்பட வேண்டியதே. தேயிலை விரும்பும் புளிமண், அதாவது காரஅமிலச் சுட்டெண் 4.5 முதல் 5.5 வரை உள்ள மண், மிளகாய்க்குப் பெரும்பாலும் கூடுதல் புளிப்பு. தோட்டங்களில் பழகிய டொலமைற்றை இட்டு அதை 6க்கு அருகில் கொண்டுவருவது நல்லது. உருளைக்கிழங்கும் தக்காளியும் மிளகாயும் ஒரே குடும்பப் பயிர்களாதலால், பற்றீரிய வாடல் நோய் கண்ட பாத்தியில் இம்மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை நடுவது நோய்க்கு உணவிடுவதாகும்.

வெளிநாட்டு விதையை யாரிடமிருந்தும் பெற்று நட்டுவிடலாம் என்ற நினைப்பு சட்டத்துக்கும் பயிருக்கும் பகை. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் விதை இறக்குமதியைக் கட்டுப்படுத்துகிறது. விதையோடு நச்சுயிரி நோய்கள் பயணம் செய்கின்றன என்பதால் இது வெறும் காகிதக் கெடுபிடி அன்று. பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிவது எளிய வழி. அதைவிட எளியது, ஊரில் பல பருவம் தாங்கி நின்ற நைமிரிஸ் செடிகளுள் பெரிய, தடித்த, நோயற்ற காய் தருவதைக் கண்டு, அதன் வழியையே பெருக்குவது.

அவ்வாறு விதை எடுப்போரை மிரட்டும் கடைசி நம்பிக்கை, பக்கத்தில் நின்றாலே கறிமிளகாயும் உறைக்கத் தொடங்கும் என்பது. காயின் சுவரும் சூல்வித்தகமும் தாய்ச்செடியின் திசுக்கள். அயல் மகரந்தம் விதையில் மட்டுமே கலக்கும் என்பதால், இந்தப் பருவக் காயின் காரம் மாறாது, அந்த விதையிலிருந்து வரும் அடுத்த தலைமுறைதான் மாறும். ஆதலால் விதைக்கென ஒதுக்கிய கிளையின் மொட்டுகளை, விரிவதற்கு முன்பே மெல்லிய துணிப்பையால் மூடி, பிஞ்சு பிடித்தபின் பையை அகற்றி, அக்காம்பில் நூல் கட்டி அடையாளமிட வேண்டும்; காய் செடியிலேயே முழுதும் பழுத்தபின் விதையை எடுத்து நிழலில் உலர்த்தி, ஈரம் புகாத போத்தலில் அடைத்து, தாய்ச்செடி நின்ற இடத்தையும் ஆண்டையும் அதன்மேல் எழுதிவைக்க வேண்டும்.