துரியோதனன் முகத்தை யார் செய்வது?

கண்ணமங்கலம் பக்கத்துப் பள்ளிச் சுவர்களில் ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு படம் வரைவது என் வேலை. இதற்கு ஆள் சேர்ப்பது எப்படி என்று கேட்பவர்களிடம், ஆரணி, போளூர் வட்டாரத்தில் எங்காவது திரௌபதி அம்மன் கோயிலில் பாரதத் திருவிழா நடந்தால், படுகளத்துக்கு முதல் நாளே போய் உட்காருங்கள் என்பேன்.

படுகளம் என்பது பதினெட்டாம் நாள் போர். அதற்காகத் துரியோதனனை மண்ணால் மல்லாக்கச் செய்து கிடத்துவார்கள். சில ஊர்களில் 40 அடி, சில ஊர்களில் 60 அடியையும் தாண்டும். மண் கொட்டுபவர், தண்ணீர் சுமப்பவர், சேறு மிதிப்பவர், உடம்பைத் தட்டிச் சமன்செய்யும் பையன்கள் என்று வேலை பிரிந்துகொண்டே போகும். முகத்துக்கு மட்டும் கை தேர்ந்தவர் வருவார். அதில் யாருக்கும் மனத்தாங்கல் கிடையாது.

சுவருக்கும் இதுவே சரி. "யார் வரையறீங்க?" என்று கேட்டால் எல்லாரும் பின்னால் நகர்வார்கள். "சாரம் கட்ட நாலு பேர் வேணும்" என்றால் எட்டுப் பேர் வருவார்கள். சாரம் கட்டியவர் சும்மா போகமாட்டார். படத்தைப் பற்றியும் ரெண்டு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவார். எல்லார் கையிலும் பிரஷ்ஷைக் கொடுப்பதுதான் சமத்துவம் என்று நான் நினைக்கவில்லை. கண்ணையும் கோட்டையும் நன்றாக வரைபவரிடம் விட்டுவிடுங்கள். கெட்டுப்போன படத்தை ஊர் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளாது.

கதை ஊருக்குத் தெரிந்ததாக இருக்கட்டும். படுகளத்தில் மீசை சிறுத்தால் போகிறவர் வருகிறவரெல்லாம் சொல்வார்கள், ஏனென்றால் துரியோதனனை அவர்களுக்குத் தெரியும். நாங்கள் நாகநதியை வரைந்தபோது ஒரு பாட்டி நின்று பார்த்துவிட்டு, "ஏம்பா, ஆத்துல மணலக் காணோமே?" என்றார். கரை முழுக்க மணல் போட்டோம். அந்தக் கேள்வி வராத படம் வெறும் பெயிண்ட்.

2020இல் சென்னை கண்ணகி நகரில் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை குடியிருப்புச் சுவர்களில் பிரம்மாண்டமான ஓவியங்களைக் கொண்டுவந்தது. வெளிநாட்டு ஓவியர்களும் வந்து வரைந்தார்கள். அந்த அளவுக்குப் பணமும் கிரேனும் நம் பேரூராட்சியில் ஏது? நம்மிடம் இருப்பது, திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று போடும் தலைக்கட்டு வரி. வீட்டுக்கு 20 ரூபாய் போதும். கொடுத்தவர் கணக்குக் கேட்க வருவார், வந்தவர் சுவரையும் பார்ப்பார்.

திருவிழாவிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துவராதீர்கள். யார் எதைத் தொடலாம் என்பதைப் பல ஊர்களில் இன்னும் சாதிதான் முடிவு செய்கிறது. முதல் கூட்டத்தைக் கோயில் வாசலில் போட்டால், காலனியிலிருந்து வருவதற்கு யோசிப்பார்கள். பள்ளி மைதானத்தில் போடுங்கள். இரண்டு பக்கமும் நேரில் போய்ச் சொல்லுங்கள். நோட்டீஸ் மட்டும் ஒட்டினால் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

அவ்வளவு பாடுபட்டுச் செய்த உருவம் ஒரு பகல்கூட நிலைப்பதில்லை. பீமன் தொடையில் அடிக்கிறான், உள்ளே வைத்த சிவப்பு நீர் கொட்டுகிறது, பாஞ்சாலி கூந்தல் முடிகிறாள், ஒப்பாரி எழுகிறது. பிறகு ஆளுக்கொரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு போகிறார்கள். சிலர் அதை நெல்லோடு போட்டு வைப்பார்கள். சாயங்காலம் தீமிதி.

அதனால் நானும் முதல் கூட்டத்திலேயே, ரெண்டு வருஷத்தில் சுவருக்கு வெள்ளையடித்துவிடுவோம் என்று சொல்லிவிடுகிறேன். அடுத்து ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளைகளுக்கும் வரையச் சுவர் வேண்டும்.