பழைய காரின் கறள் திருத்தம்: வீட்டில் செய்யக்கூடியதும் செய்யக்கூடாததும்

கிராமத்தில் ஒரு வாகனம் இலேசில் கைவிடப்படுவதில்லை. எஞ்சின் ஓடும்வரை வண்டியும் ஓடும் என்பதே எம்மவர் எண்ணம். ஆனால் பழைய கார்களுள் பல எஞ்சின் பழுதினால் அன்றி, உடற்பகுதியில் பிடித்த கறளினாலேயே வீதியை விட்டு நீங்குகின்றன. எஞ்சினைக் கழற்றி மாற்றிவிடலாம். உக்கிப்போன உடலை அவ்வாறு மாற்றுவது இலகுவல்ல. ஆகவே கறளை எப்படிக் கண்டுபிடிப்பது, எந்த வேலையை வீட்டு முற்றத்தில் நாமே செய்யலாம், எந்த வேலையைத் தேர்ந்த கைகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்பவற்றை இப்பாடத்தில் படிப்போம்.

உதாரணமாக வொக்ஸ்வாகன் பீற்றில் காரை எடுத்துக்கொள்வோம். இதன் எஞ்சின் பின்புறத்தில் உள்ளது. தண்ணீரோ றேடியேற்றரோ இல்லாமல், விசிறி தள்ளும் காற்றினாலேயே அது குளிர்விக்கப்படுகிறது. 1930களில் பேர்டினண்ட் போர்ஷ என்பவரின் தலைமையில் ஜேர்மனியில் வடிவமைக்கப்பட்ட இக்கார், 2003 யூலை 30ஆம் திகதி மெக்சிக்கோவில் கடைசி வண்டி வெளிவரும்வரை 2 கோடி 15 இலட்சத்துக்கு மேல் உற்பத்தி செய்யப்பட்டது. எமது நாட்டு வீதிகளிலும் இதனை இன்னும் காணலாம். இங்கு கூறப்படும் முறைகளில் பெரும்பாலானவை வேறு பழைய கார்களுக்கும் பொருந்தும்.

கறள் ஏன் பிடிக்கிறது?

இரும்பு, நீர், ஒட்சிசன் ஆகிய மூன்றும் சேரும்போது கறள் உண்டாகிறது. உப்புச் சேர்ந்தால் அது விரைவாகும். கடற்காற்று வீசும் ஊர்களில் தகடுகள் சீக்கிரம் உக்குவதற்கு இதுவே காரணம். உண்டாகும் கறள், அது தின்ற இரும்பைவிடக் கூடிய இடத்தைப் பிடிக்கும். அதனால் மேலேயுள்ள பெயின்ற் கொப்புளம்போல எழும்புகிறது.

இங்கே முக்கியமான ஓர் உண்மையை மனதில் இருத்த வேண்டும். பெயின்றில் தெரியும் கொப்புளம் பெரும்பாலும் கறளின் தொடக்கமல்ல, முடிவு. மடிப்புகளுக்குள்ளும் மூடிய பெட்டித் தகடுகளுக்குள்ளும் தேங்கிய ஈரம் உள்ளிருந்து தின்று, இறுதியில்தான் வெளியே தலைகாட்டுகிறது. எனவே வெளிப்புறத்தை மட்டும் தேய்த்துப் பூசினால் சில மாதங்களில் அதே இடத்தில் மறுபடியும் கொப்புளம் எழும்.

கறள் ஒளிந்திருக்கும் இடங்கள்

பீற்றில் காரின் மேலுடல், நடுவில் முதுகெலும்பு போன்ற குழலைக் கொண்ட அடித்தளத்தின் மீது போல்ற்றுகளால் பூட்டப்பட்டுள்ளது. பின்வரும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

1. பக்கக் குழல்கள்: இரு கதவுகளுக்கும் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகடுகள் இவை. குளிர்நாடுகளில் எஞ்சினின் சூட்டுக் காற்றை முன்னே கொண்டுசெல்வதற்காக இவை குழல்களாக அமைக்கப்பட்டன. சூட்டுக் காற்று எமக்குத் தேவையில்லாவிட்டாலும், மேலுடலைத் தாங்குவன இவையே. கதவைத் தாங்கும் தூணும் இதன் மீதே நிற்கிறது.

2. பற்றரிக்குக் கீழுள்ள தளம்: பற்றரி பின் இருக்கையின் கீழ் வலப்பக்கத்தில் இருக்கிறது. சிந்தும் அமிலம் அங்குள்ள தகட்டை ஓட்டையாக்கும்.

3. கால் வைக்கும் தளம்: றப்பர் விரிப்பின் கீழ் ஈரம் பல நாட்கள் காயாமல் நிற்கும். கண்ணாடி றப்பர்கள் வெடித்திருந்தால் மழைநீர் இங்கேயே வந்து சேரும்.

4. முன்புறத்தில் மேலதிகச் சில்லு வைக்கும் குழி, கதவுகளின் அடிப்பகுதி, மட்காட்டுகள் உடலுடன் பொருந்தும் ஓரங்கள், பின் பம்பரைத் தாங்கும் இடங்கள்.

5. எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகளும் றப்பர் ஓரமும்: இவை அழகுக்காக வைக்கப்பட்டவையல்ல. கீழேயுள்ள சூட்டுக் காற்றையும் மேலேயுள்ள குளிர்ந்த காற்றையும் பிரித்து வைப்பவை. இவை உக்கினால், விசிறி சூட்டுக் காற்றையே திரும்பத் திரும்ப இழுத்து எஞ்சினைக் கொதிக்கச் செய்யும். காற்றினால் குளிரும் காரில் உடற்பகுதியின் கறள் எஞ்சினையும் கெடுக்கும் என்பது இதனாலேயே.

பரிசோதனை

காரைக் கழுவி நன்கு காயவிட்டு, விரிப்புகளையும் பின் இருக்கையையும் எடுத்துவிடுங்கள். திருப்புளியின் பிடியினால் தகட்டை மெதுவாகத் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், உக்கிய தகட்டின் ஒலி மந்தமாக இருக்கும். சந்தேகமான இடத்தைத் திருப்புளியின் நுனியால் குத்திப் பாருங்கள். முன்னர் யாராவது மக்குப் பூசி மறைத்த இடத்தைக் காந்தம் காட்டிக்கொடுக்கும். மக்கின் மீது காந்தம் ஒட்டாது.

அடுத்து, காரை மட்டமான நிலத்தில் நிறுத்திக் கதவுகளைத் திறந்து மூடிப் பாருங்கள். பின்னர் ஒரு பக்கத்தைச் சிறிது உயர்த்தி மீண்டும் மூடிப் பாருங்கள். உயர்த்தியபோது மட்டும் கதவு இறுகினாலோ இடைவெளி மாறினாலோ, பக்கக் குழல் தன் பலத்தை இழந்துவிட்டது என்று கொள்ளலாம். ஜக் வைக்கும் இடத்தில் கறள் தெரிந்தால் அங்கே வைத்து உயர்த்தவே கூடாது. தகட்டைத் துளைத்துக்கொண்டு ஜக் மேலேற, கார் கீழே விழுந்துவிடும்.

கண்டவற்றை மூன்று வகையாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் வகை: மேற்பரப்புக் கறள். தகடு உறுதியாக உள்ளது.
இரண்டாம் வகை: மட்காட், எஞ்சின் மூடி போன்ற பாரம் தாங்காத பாகங்களில் உள்ள ஓட்டை.
மூன்றாம் வகை: பக்கக் குழல், அடித்தளம், ஜக் வைக்கும் இடம், இருக்கையும் இருக்கைப் பட்டியும் பூட்டப்படும் இடம் ஆகியவற்றில் உள்ள ஓட்டை.

முதல் வகையை வீட்டிலேயே முழுமையாகத் திருத்தலாம். இரண்டாம் வகையில், மட்காட்டுகள் போல்ற்றினால் பூட்டப்பட்டவை ஆதலால் அவற்றைக் கழற்றி மாற்றுவதோ ஒட்டுவித்துப் பூட்டுவதோ இலகு. மூன்றாம் வகையை மக்கினாலோ, கண்ணாடி நார் துணியினாலோ, றிவெற் ஆணியினாலோ மூடுவது முற்றாகத் தவறு. விபத்தின்போது இருக்கையும் பட்டியும் மனிதனைப் பிடித்திருக்க வேண்டிய இடம் அது. மக்கு அந்தப் பாரத்தைத் தாங்காது. அதைவிட, பளபளப்பான பூச்சு பயணம் செய்பவரையும் நாளை அக்காரை வாங்குபவரையும் ஏமாற்றும்.

மேற்பரப்புக் கறளைத் திருத்தும் படிகள்

1. கறள் தெரியும் எல்லைக்கு அப்பால் 2 அல்லது 3 செ.மீ. வரை பெயின்றை நீக்குங்கள். கம்பித் தூரிகை, சுரண்டி, பின்னர் 80 இலக்க அரத்தாள் என்ற ஒழுங்கில் தேய்த்துத் தகடு வெள்ளிபோல மின்னும்வரை சுத்தம் செய்யுங்கள்.

2. சிறு குழிகளில் எஞ்சிய கறளுக்கு பொசுபோரிக் அமிலம் கொண்ட கறள் மாற்றியைப் பூசுங்கள். அது கறளை இரும்புப் பொசுபேற்றாக மாற்றும். போத்தலில் உள்ள அறிவுறுத்தலின்படி கழுவியோ துடைத்தோ முற்றாக உலர்த்துங்கள். பற்றரியின் கீழுள்ள இடமானால், முதலில் அப்பச்சோடாவை நீரில் கரைத்து ஊற்றுங்கள். நுரைப்பது நிற்கும்வரை ஊற்றி, அதன் பின் கழுவுங்கள்.

3. அன்றைக்கே அடிப்பூச்சைப் பூசுங்கள். வெறுந்தகட்டை இரவில் திறந்து வைத்தால் காலையில் புதுக் கறள் படர்ந்திருக்கும். எப்பொக்சி அடிப்பூச்சு நீரை நன்கு தடுக்கும். வெறும் சாம்பல்நிற அடிப்பூச்சு பல ஈரத்தை உறிஞ்சுபவை. அவற்றை மேற்பூச்சின்றி மழையில் விடக்கூடாது.

4. நெளிவை மட்டப்படுத்த மட்டுமே மக்கைப் பயன்படுத்துங்கள். தடிப்பு 2 முதல் 3 மி.மீ. வரை போதும். இறுக்கியைப் பொதுவாக நூற்றுக்கு 2 பங்கு அளவில் கலப்பார்கள். எங்கள் வெப்பத்தில் அது விரைவாக இறுகும். ஆகவே சிறிது சிறிதாகக் கலவுங்கள். கறளின் மீதோ ஓட்டையின் மீதோ மக்கு வைக்க வேண்டாம்.

5. 120, 240, 400 என்ற ஒழுங்கில் அரத்தாளால் தேய்த்து, மீண்டும் அடிப்பூச்சுப் பூசி, மெல்லிய படைகளாக மேற்பூச்சைப் பூசுங்கள். மழைக்குணமுள்ள நாளில் பூசாதீர்கள். காற்றின் ஈரம் பூச்சை மங்கச் செய்யும்.

ஒட்டு வேலை

மூன்றாம் வகைக் கறளுக்கு உக்கிய பகுதியை நல்ல தகடு வரை வெட்டி எடுத்து, அதே தடிப்புள்ள புதுத்தகட்டை ஒட்டுவதே வழி. இத்தகைய மெல்லிய தகடுகள் ஏறத்தாழ 1 மி.மீ. தடிப்பே உள்ளவை. சாதாரண மின் கம்பு ஒட்டு அவற்றை எரித்துத் துளைக்கும், வாயுச் சுவாலை நெளியச் செய்யும். வாயுப் பாதுகாப்புடன் மெல்லிய கம்பியால் ஒட்டும் மிக் முறை சிறந்தது. ஒரே தொடராக ஒட்டாமல், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி வைத்து, சூடு ஆறவிட்டு இடைவெளிகளை நிரப்ப வேண்டும்.

பக்கக் குழலை மாற்றும்போது இரு விதிகளை மீறக்கூடாது. ஒன்று, கதவு வாசலின் குறுக்கே இரும்புத் தாங்கி வைத்து, கதவு இடைவெளிகளை அளந்து எழுதிய பின்னரே வெட்ட வேண்டும். மற்றையது, ஒரு பக்கம் முற்றாக முடிந்த பின்னரே மறுபக்கத்தைத் தொட வேண்டும். இரண்டையும் ஒன்றாக வெட்டினால் மேலுடல் தளர்ந்து, பின்னர் ஒரு கதவும் பொருந்தாது. பழக்கமில்லாதவர்கள் இவ்வேலையை அனுபவமுள்ள ரிங்கர் வேலையாளரிடம் கொடுப்பதே புத்தி. விரிப்புகளைக் கழற்றுதல், சுத்தம் செய்தல், வேலை முடிந்த பின் பூசுதல் ஆகியவற்றை நாமே செய்தால் கூலி வெகுவாகக் குறையும். புதுத்தகட்டின் மேல் பூச்சு விழுவதற்கு முன் ஒட்டுகளை நேரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவதானம்!

* பீற்றிலின் பெற்றோல் தாங்கி முன்புறத்திலும் எஞ்சின் பின்புறத்திலும் இருப்பதால், பெற்றோல் குழாய் நடுக்குழலின் ஊடாகச் செல்கிறது. அதனருகே தீயோ பொறியோ படக்கூடாது. ஒட்டு வேலைக்கு முன் தாங்கியைக் கழற்றித் தூரத்தில் வைத்து, குழாயையும் வெறுமையாக்குங்கள். பற்றரியையும் கழற்றிவிடுங்கள். தண்ணீர் வாளியும் ஈரச் சாக்கும் மணலும் அருகில் இருக்கட்டும்.
* ஜக்கை மட்டும் நம்பிக் காரின் கீழ் படுக்க வேண்டாம். உறுதியான தாங்கிகள் வைக்கப்பட வேண்டும். சீமெந்துக் கல் திடீரென நொறுங்கும்.
* பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம். நீர்விட்டுத் தேய்த்து, மூக்குக் கவசம் அணிந்து, பிள்ளைகளைத் தூர வைத்திருங்கள். கழிவைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள்.
* இறுக்கி கலந்து விசிறும் இரு பகுதிப் பெயின்றுகளில் ஐசோசயனேற்று என்ற நஞ்சு உண்டு. சாதாரண மூக்குக் கவசம் இதனைத் தடுக்காது. இவ்வகைப் பெயின்றை வீட்டில் விசிற வேண்டாம்.
* பற்றரியை மூடியுடனேயே திரும்பப் பூட்டுங்கள். இருக்கையின் சுருள் கம்பி முனைகளில் பட்டுத் தீப்பற்றலாம்.
* எஞ்சின் அறைக்கும் இருக்கைப் பகுதிக்கும் இடையிலான ஓட்டைகளையும் உக்கிய சூட்டுப் பெட்டிகளையும் உடன் திருத்துங்கள். மணமோ நிறமோ இல்லாத காபனோரொட்சைட்டு அவற்றின் வழியாக உள்ளே வரலாம். பயணத்தில் தலையிடியும் தூக்கமும் வந்தால் காரை நிறுத்தி இறங்குங்கள்.

மீண்டும் வராமல் காத்தல்

திருத்திய மூட்டுகளுக்கு மூட்டுப் பசை பூசி, மூடிய பெட்டித் தகடுகளுக்குள் அதற்கென விற்கப்படும் மெழுகைத் துளைகள் வழியே விசிறுங்கள். ஒட்டு வேலை எல்லாம் முடிந்த பின்னரே இதனைச் செய்ய வேண்டும், ஏனெனில் மெழுகு தீப்பற்றும். கழிவு எஞ்சின் எண்ணெயை அடியில் பூசும் வழக்கம் நல்லதல்ல. அது றப்பரைக் கெடுக்கும், சூடான இடத்தில் தீப்பற்றலாம், நிலத்தில் சொட்டி நிலத்தடி நீரையும் பாழாக்கும். யாழ்ப்பாணம் போன்ற சுண்ணாம்புக்கல் நிலங்களில் மேலே சிந்துவது கிணற்றுக்குச் செல்ல அதிக காலம் எடுப்பதில்லை.

கதவுகளின் அடியிலுள்ள நீர் வடியும் துளைகளை ஆண்டுக்கு இரு தடவை, குறிப்பாக மாரிக்கு முன்பு, குச்சியால் துப்புரவாக்குங்கள். வெடித்த கண்ணாடி றப்பரை மாற்றுங்கள். ஈர விரிப்பை வெயிலில் காயவிடுங்கள். கடற்கரையோரம் ஓடிய காரின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். இவற்றுக்குச் செலவு மிகக் குறைவு. ஆயினும் ஒரு தகட்டின் ஆயுளைப் பெரிதும் கூட்டுபவை இவையே.

கலந்துரையாடலுக்கு

1. வெளியே தெரியும் கொப்புளத்தை மட்டும் திருத்தினால் ஏன் கறள் திரும்பவும் வருகிறது?
2. உங்கள் ஊரில் உள்ள ஒரு பழைய வாகனத்தைப் பரிசோதித்து, கண்ட கறளை மூன்று வகைகளாகப் பிரித்து எழுதுங்கள்.
3. கறளை மக்கினால் மறைத்து விற்ற ஒரு காரினால் யார் யார் பாதிக்கப்படலாம்?
4. உங்கள் சங்கத்தில் சிலர் சேர்ந்து கிறைண்டர், தாங்கிகள், மூக்குக் கவசம் ஆகியவற்றைப் பொதுவில் வாங்கிப் பயன்படுத்த முடியுமா?