கனவிலேயும் ஜெர்மன் பேசு, மக்கா!

நர்சிங் முடிச்சிட்டு ஜெர்மன் கிளாஸுக்குப் போற பிள்ளைகளுக்கு, பி1 நிலையைத் தாண்டுற சமயத்தில் ஒரு சலிப்பு வரும். பெயர்ச்சொல்லுக்கு முன்னால வர்ற டெர், டீ, டாஸ் ஒண்ணும் தலையில் நிற்காது. வீட்டில் உடனே, "கடன் வாங்கிக் கட்டுன காசு பிள்ளே, படி" என்பார்கள். அந்தப் பயம் ரெண்டு நாளைக்குத் தாங்கும், அவ்வளவுதான். மொழி படிப்பவர் மனசில் ரெண்டு உருவம் உண்டு என்று ஸோல்தான் டோர்னியேய் என்ற ஹங்கேரி ஆய்வாளர் 2005-ல் எழுதினார். ஒன்று, நான் ஆசைப்படுகிற நான். இன்னொன்று, மற்றவர்களுக்காக நான் ஆகவேண்டிய நான். தூரம் போக முதலாவதுதான் உதவும்.

சரி, என்ன கனவு காண்பது? "ஜெர்மனி போகணும், நாகர்கோவிலில் வீடு கட்டணும்" என்பது நல்ல ஆசைதான். ஆனால் அந்தக் கனவில் நீ ஒரு வார்த்தைகூட ஜெர்மன் பேசவில்லையே, மக்கா!

இப்படிக் கண்டு பாரு. காலை டியூட்டி மாறுகிற நேரம். நைட் சிஸ்டர் ஒவ்வொரு நோயாளியாக ஒப்படைக்கிறாள். நீ ஒரு பாட்டியின் கட்டிலருகே போய், "ஹாபென் ஸீ ஷ்மெர்ட்ஸென்?" என்று வலி இருக்கிறதா கேட்கிறாய். பாட்டி சொல்லும் பதிலும் உன் தலைக்குள் ஜெர்மனில்தான் ஓட வேண்டும். எந்த இடத்தில் வார்த்தை வராமல் முட்டுகிறதோ, அங்கே நிறுத்தி நோட்டை எடு. இன்றைக்குப் படிக்க வேண்டியது அதுதான். கனவு உண்மையாகவும் இருக்கட்டும். நம்ம ஆஸ்பத்திரியில் கூட இருக்கும் சொந்தக்காரர்கள் செய்கிற குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் ஜெர்மனியில் நர்ஸ் வேலை. அதையும் சேர்த்தே பார்.

இனிப்பான கனவு மட்டும் கண்டால் உடம்பு சோம்பிவிடும். ஜெர்மன் உளவியலாளர் காப்ரியேலே ஓட்டிங்கன் ஆய்வு செய்து சொன்னதும் இதுவே. கனவு கண்ட கையோடு இன்றைய தடையையும் நினை என்பது அவர் வழி. நைட் டியூட்டி முடிந்தால் உறக்கம் சொக்குமா? அப்படியானால் பஸ் வடசேரி சேருவதற்குள் பத்து வார்த்தை என்று முன்கூட்டியே முடிவு பண்ணு.

கோதே இன்ஸ்டிட்யூட்டின் பி1 பரீட்சையில் வாசிப்பு, கேட்பது, எழுத்து, பேச்சு என நாலு பகுதி, ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 வேண்டும். தோற்ற பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம். அதனால் சர்டிபிகேட்டைக் கனவு காணாதே, உனக்கு உதறலெடுக்கும் பகுதியைக் காணு. பேச்சு என்றால், ஜோடியாக உட்கார்ந்து ஒரு காரியத்தைத் திட்டமிடுவது முதல் பாகம். கூட்டுக்காரியோடு உண்மையான விஷயத்தை வைத்தே பழகு. அவள் கல்யாணத்துக்கு எந்தப் பஸ்ஸில் போவது என்பதே போதும்.

"போன பிறகு மொழி படிச்சுக்கலாம்" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்பாதே. 1806-ல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே பாதிரியார் ஜெர்மன்காரர். அவரே தரங்கம்பாடியில் தமிழ் படித்துவிட்டுத்தான் இங்கே வந்தார். பணம் கட்டும் முன்னே, தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்.