புயலில் நனைந்த பில்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகள் சாய்ந்த செய்தி வந்ததும், பொள்ளாச்சிக் காய்க்கும் காங்கேயம் கொப்பரைக்கும் விலை என்னாகும் என்றே நாம் கணக்குப் போட்டோம். அங்குள்ள மளிகைக்கடைக்காரரின் கவலை வேறு. சரக்கோடு கொள்முதல் பில்லும் நனைந்துவிட்டால் இன்சூரன்ஸ் சர்வேயரிடம் எதைக் காட்டுவது? சரக்கு அனுப்பிய கோவை மொத்த வியாபாரியிடம் அந்த பில்லின் நகல் இருக்குமே! பாக்கியைக் கேட்குமுன் அதை அனுப்பி வைப்போம். அவருக்கு நஷ்டஈடு கிடைத்தால்தான் நம் பாக்கியும் வரும்.

நமக்குக் கடல் இல்லை, நொய்யல் உண்டு. 2021 ஏப்ரலில் வந்த ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ பாலிசியில் 5 கோடி ரூபாய் மதிப்பு வரையுள்ள கடைகளுக்குப் புயல், வெள்ளமும் சேர்த்தி. நனைந்த மூட்டைகளைச் சர்வேயர் பார்க்குமுன் அப்புறப்படுத்தாதீர்கள். இருப்புக் கணக்கின் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.