மாட்டு விலை சந்தையில் முடிவதில்லை

கலப்பினக் கறவை மாட்டுக்கு நம் சந்தைகளில் லிட்டர் கணக்கில்தான் விலை பேசுகிறார்கள். பத்து லிட்டர் கறவை என்றால் ஏறத்தாழ 60,000 ரூபாய். துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசி, தரகுக் காசும் கொடுத்து ஓட்டி வந்த பிறகுதான் பலருக்குக் கணக்கு இடிக்கிறது.

நம்பிக்கை: இன்று கறக்கிற பாலுக்கு ஏற்ற விலை கொடுத்தால் போதும்.

உண்மை: கன்று போட்ட ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் கறவை உச்சத்துக்குப் போகும். பிறகு இறங்குமுகம்தான். சுமார் 305 நாள் கறந்தபின், அடுத்த ஈத்துக்கு முன்னால் 60 நாளாவது பாலை வற்ற விடவேண்டும். தரகர் சொல்லும் பத்து லிட்டர், உச்சத்தில் கறந்த பத்து லிட்டர். அந்தக் கறவைக்கு அடர்தீவனம் மட்டும் தினம் ஐந்தரைக் கிலோ: உடம்புக்கு ஒன்றரை, பாலுக்கு இரண்டரை லிட்டருக்கு ஒரு கிலோ வீதம் நான்கு. கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டு, கறவை குறையக் குறையத் தீவனத்தையும் குறைத்துப் போட்டால்கூட, ஆண்டுச் செலவு மாட்டு விலையில் ஏறக்குறைய முக்கால் பங்கு. பசும்புல், வைக்கோல், வைத்தியம் எல்லாம் தனி. இதோடு ஒரு சினைப்பருவத்தைக் கவனிக்காமல் விட்டால் 21 நாள் வீண். இரண்டு மூன்று முறை தவறினால், பால் இல்லாமல் தீவனம் போடும் மாதங்கள் கூடிக்கொண்டே போகும். கறவை மாட்டில் கடன்படுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சிக்குகிறார்கள்.

நம்பிக்கை: பெருத்த மடி, நிறைந்த பால்.

உண்மை: ஒரு வேளை கறக்காமல் ஓட்டி வந்தால் எந்த மடியும் புடைத்துத்தான் நிற்கும். முதல் கறவையைக் கணக்கில் சேர்க்காமல், அடுத்த இரண்டு வேளையும் பக்கத்தில் நின்று அளந்து பாருங்கள். கறந்து முடித்ததும் மடி துணிப்பை போலத் தொங்க வேண்டும். பின்புறத் தோல் சுருக்கம் சுருக்கமாகத் தளர வேண்டும். கறந்த பிறகும் கெட்டியாகவே இருந்தால் அது வெறும் சதைமடி. நான்கு காம்பிலிருந்தும் முதல் பீய்ச்சலைக் கறுப்புத் துணியில் விடுங்கள். திரியோ இரத்தமோ தெரிந்தால் மடிநோய். எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம்.

நம்பிக்கை: சுழி சரியில்லாத மாடு குடும்பத்துக்கு ஆகாது.

உண்மை: சுழி என்பது மயிர் வளரும் திசை, அவ்வளவுதான். பாலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பாடைச் சுழி, விலங்குச் சுழி என்று சொல்லி, அவசரத்துக்கு விற்க வந்த ஏழையிடம் ஆயிரக்கணக்கில் அடித்துப் பேசுவது அநியாயம். சுழியை விட்டுவிட்டுப் பல்லைப் பாருங்கள், எத்தனையாவது ஈத்து என்று கேளுங்கள்.

நம்பிக்கை: சினைமாடு வாங்கினால் இரட்டை லாபம்.

உண்மை: சினை என்ற வாய்ச்சொல்லுக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். கால்நடை மருத்துவர் பரிசோதித்துச் சொல்லட்டும். கன்று வீசும் நோயான புருசெல்லோசிஸுக்கு இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். காய்ச்சாத பால் வழியே அது மனிதரையும் தொற்றும். முடிவு வரும்வரை முன்பணத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாங்கிய மாட்டை மூன்று வாரமாவது மற்ற மாடுகளோடு சேர்க்காமல் தனியே கட்டுங்கள்.