தப்படிக்கும் தம்பிக்கு



டிக்கோயாவில் காமன் கூத்தில் நீ ரதி வேஷம் கட்டி ஆடிய இரவு முழுவதும் பொட்டலில் உட்கார்ந்திருந்தேன். அந்த உரிமையில் எழுதுகிறேன். விடியற்காலை பேச்சுவாக்கில், "கண்டிச் சண்டை சிங்கள ஆட்களுடைய கதை, நமக்கென்ன?" என்று கேட்டாய். நீ அடிக்கும் தப்புக்கும் அந்தச் சண்டைக்கும் நேரான உறவு இருக்கிறது.

1815இல் ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்தார்கள். நாயக்கர் வழிவந்த கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனை வேலூருக்குக் கைதியாகக் கொண்டுபோனார்கள். 1832இல் அங்கேயே இறந்தான். இடையில் 1817-18இல் ஊவா, வெல்லஸ்ஸ மக்கள் கிளர்ந்தெழுந்தபோது ஊர்களையும் வயல்களையும் எரித்தே அடக்கினார்கள். பட்டாளம் ஏறுவதற்கென்று போட்ட பாதையில்தான் பிறகு கோப்பி இறங்கியது. 1840இல் வந்த சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் அரசுடைமை ஆக்கியது, கோப்பித் தோட்டம் போட வந்த துரைமார் வாங்கினார்கள். அரசன் கைதியாய்ப் போன அதே தமிழகத்திலிருந்து நம் பாட்டன் பூட்டன்கள் கூலியாய் வந்தார்கள். மாத்தளைக்கு நடந்து வந்த வழியிலேயே மாண்டவர்கள் எத்தனையோ பேர்.

ஒரே போர் இரண்டு கலைகளின் தலையெழுத்தை மாற்றியது. கண்டிக் கைவினைஞரும் மேளகாரரும் அரசனுக்கும் கோவிலுக்கும் செய்த சேவைக்கு நிலம் பெற்று வாழ்ந்தவர்கள். அந்த ஏற்பாடு குலைந்ததும் கலை எப்படி நலிந்தது என்பதை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வந்த தம் பெரிய நூலில் எழுதினார். கனிமவள ஆய்வுக்காக ஊர் ஊராகச் சுற்றியவர், அந்தக் கைவினைஞர்களை நேரில் கண்டவர். இன்று கண்டி நடனம் நாட்டின் முகமாக நிற்கிறது. அதற்கு மேளம் அடித்த பெரவா சமூகத்தாரையும் சாதி சொல்லித் தள்ளிவைத்தவர்கள்தாம் இருந்தார்கள். தப்பை இழிவென்று யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்.

நம் பக்கத்தில் நடந்தது வேறு. சாமிக்கும் சாவுக்கும் அடித்த தப்பைத் தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கூட்டுவதற்கு, அடிக்கவைத்தார்கள். அது நம் கருவிக்குச் செய்த அவமானம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் இருட்டில் லயத்து வீடுகளை எழுப்பிய அதே கை மாசியில் காமன் கம்பத்தின் முன்னால் மதனையும் ரதியையும் ஆடவைத்தது. தோட்டக் கணக்கில் நாம் வெறும் பேர்தான்; பொட்டலில் மட்டும் ரதியாகவும் வீரபத்திரனாகவும் இருந்தோம். எந்தத் துரையும் கொடுத்ததில்லை அது.

அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன், மேடைக்காகக் கூத்தை இருபது நிமிடமாக வெட்டாதே. மதன் எரிந்ததும் கைதட்டு வாங்கி இறங்கிவிடுகிறீர்கள். ரதியின் புலம்பல் எங்கே? அன்று நீ தரையில் விழுந்து முடியை விரித்துப் புலம்பியபோது எனக்குப் பக்கத்தில் இருந்த கொழுந்து பறிக்கும் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். லயத்துச் சாவு வீட்டின் ஒப்பாரி அதில் கலந்திருக்கிறது. அதை வெட்டினால் மிஞ்சுவது வேஷம் மட்டும்தான்.

பனியில் தோல் தொய்ந்ததும் கவ்வாத்தில் வெட்டிய தேயிலை மிலாரில் தீ மூட்டி, தப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டி, விரல் நுனியால் தட்டிப் பார்க்கிறாய் அல்லவா? அந்தப் பதம் இறுக்கி முறுக்கும் பிளாஸ்டிக் தோலில் வராது. வசதிக்காக மாற்றாதே.

கண்டிப் பக்கம் போய் கெட்டபெர மேளம் அடிக்கும் ஒரு வாத்தியாரிடம் சில நாள் உட்கார். அவர் அடியை எடுத்து நம் கூத்தில் ஒட்டச் சொல்லவில்லை. தாளத்தை அவர்கள் வாயால் சொல்லி எப்படிக் காக்கிறார்கள் என்று கவனி. கொழும்பு அருங்காட்சியகத்தில் கண்டி அரசனின் சிம்மாசனம் இருக்கிறது. அள்ளிக்கொண்டு போனவர்கள் 1934இல் திருப்பித் தந்தது. அதையும் பார்த்துவிட்டு வா.

நம்மிடமிருந்து போனதைத் திருப்பித் தர யாரும் இல்லை. சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குக் கப்பலேறியவர்களோடு எத்தனை கூத்து வாத்தியார்கள் போனார்களோ! சி. வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாய்ப் பாட்டுச் சேகரித்தவர். அந்த வேலை பாதியில் நிற்கிறது. உன் கையில் போன் இருக்கிறது. வரும் மாசிக்குக் கம்பம் ஊன்றுமுன் உன் தோட்டத்து வயசாளிகளிடம் ரதி புலம்பலை முழுசாகப் பதிவுசெய். யார் பாடியது, எந்தத் தோட்டம், யாரிடம் படித்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வை. ஒரு பிரதி எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்