தூக்கத்தை வெல்ல முடியுமா?

திருவனந்தபுரம் நகரில் ஸ்ரீவராகம் என்ற பகுதி உள்ளது. அங்கே பெரிய கோயில் குளம் உண்டு. சற்றுத் தள்ளி சாலை பஜார். தமிழ்நாட்டிலிருந்து காய்கறி லாரிகள் இரவில் ஓடி பஜாருக்கு வந்து சேரும்.

ஸ்ரீவராகத்தில் ஒரு லாரி ஓட்டுநர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதிகாலையில் சரக்கு இறக்கினார். பகலில் உறவினர் வீட்டுக் கல்யாணம். அவர் தூங்கவே இல்லை. இரவில் மறுபடியும் மதுரைக்குப் புறப்படுகிறார்.

"மக்களே, கண்ணு சிவந்திருக்கு. கொஞ்சம் படுத்து எழும்பிப் போ" என்கிறார் அம்மா.

"ஒரு டீ குடிச்சா சரியாயிடும், அம்மா" என்கிறார் மகன்.

சரியாகுமா? ஆகாது.

அவிநாசியில் நடந்தது

2020 பிப்ரவரி 20. அதிகாலை நேரம். பெங்களூரிலிருந்து எர்ணாகுளத்துக்குக் கேரள அரசுப் பேருந்து வந்துகொண்டிருந்தது. திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே எதிர்ப்பக்கச் சாலையில் ஒரு கண்டெய்னர் லாரி வந்தது. அது நடுத்தடுப்பைத் தாண்டிப் பேருந்தின் மேல் மோதியது. 19 பேர் இறந்தார்கள். லாரி ஓட்டுநர் கண்ணயர்ந்ததே காரணம் என்று காவல்துறை கூறியது.

ஒருவர் கண்ணயர்ந்தார். எத்தனை குடும்பங்கள் அழுதன!

நான்கு விநாடி

தூக்கம் நம்மைக் கேட்டு வருவதில்லை. கண் திறந்திருக்கும்போதே மூளை சில விநாடிகள் தூங்கிவிடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி 4 விநாடியில் சுமார் 67 மீட்டர் ஓடிவிடும். அவ்வளவு தூரமும் வண்டியை ஓட்டுபவர் யாரும் இல்லை!

காலை 5 மணிக்கு எழுந்தவர் இரவு 10 மணி வரை 17 மணி நேரம் விழித்திருக்கிறார். அப்போது அவர் கையும் கண்ணும் மது குடித்தவருடையதைப் போல மந்தமாகின்றன. இரவு 2 மணி முதல் காலை 6 மணி வரை ஆபத்து இன்னும் அதிகம்.

உடம்பும் கெடும்

பெரியவர்களுக்குத் தினமும் 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். பல நாள் தூக்கம் குறைந்தால் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், இதய நோய் வர வாய்ப்பு கூடும். மறதியும் கோபமும் வரும். இது ஓட்டுநருக்கு மட்டுமல்ல. இரவு வேலை செய்யும் காவலாளி, நர்ஸ், மில் தொழிலாளி எல்லோருக்கும் பொருந்தும்.

என்ன செய்யலாம்?

கொட்டாவி தொடர்ந்து வந்தால் வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். 20 நிமிடம் தூங்குங்கள். பாட்டு கேட்பதும் முகம் கழுவுவதும் சிறிது நேரமே உதவும். டீ தூக்கத்தைத் தள்ளிப்போடும், தூக்கத்துக்கு ஈடாகாது.

பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நிற்பது, பகலெல்லாம் தூக்கம் ஆகியவை இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

ஓய்வு கேட்பது சோம்பல் அல்ல. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளுக்கு 8 மணி நேர வேலை என்று வகுத்தது. 5 மணி நேர வேலைக்குப் பின் அரை மணி ஓய்வு என்றும் சொன்னது.

சரக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வரலாம். மகன் வீடு வந்து சேர வேண்டும். அம்மா சொன்னது அதுதான்.

பயிற்சி

1. அவிநாசி விபத்து எந்த ஆண்டு நடந்தது?
2. பெரியவர்களுக்கு எத்தனை மணி நேரத் தூக்கம் வேண்டும்?
3. நேற்று நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்? எழுதுங்கள்.